கண் பரிசோதனைக்கு விட்ட சொட்டு மருந்தால் மயக்கம், மறுநாள் இமை வீக்கம்: அடுத்த முறை விடலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரையும் பி.பி.யும் இருக்கிறது, இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வருடா வருடம் பார்க்கும் விழித்திரைப் பரிசோதனைக்காகக் காலையில் அழைத்துப் போனீர்கள். முதலில் ஒரு சொட்டு விட்டுக் கண் அழுத்தம் பார்த்தார்கள், அப்புறம் கண்ணை விரிக்க வேறு சொட்டு விட்டார்கள். அது விட்ட கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டி, நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். படுக்க வைத்ததும் சில நிமிடத்தில் தெளிந்துவிட்டது. மறுநாள் மாலை இரண்டு கண்ணிலும் இமை சிவந்து தடித்து, தாங்க முடியாத அரிப்பு. போன் செய்து கேட்டதற்கு "ஒன்றும் செய்யாது, தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டார்கள். "இது அலர்ஜியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "இனிமேல் கண்ணில் சொட்டே விடக்கூடாது என்கிறார் அம்மா" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சர்க்கரை உள்ளவர் சொட்டே வேண்டாம் என்று விழித்திரைப் பரிசோதனையை விட்டுவிட்டால் அதில் போகப்போவது பார்வை. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். பல வருடமாக இந்தச் சொட்டுகளை விடுவதும், விட்டபின் என்ன ஆகிறது என்று பக்கத்தில் இருந்து பார்ப்பதும் என் அன்றாட வேலை. உங்கள் அம்மாவின் கண்ணை நான் பார்க்கவில்லை, எந்த மருந்து விட்டார்கள் என்றும் நீங்கள் எழுதவில்லை, அதனால் "இதுதான்" என்று அடித்துச் சொல்ல முடியாத இடங்கள் வரும். அங்கே அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே தெளிவாகச் சொல்லலாம்: அன்றைக்கு நாற்காலியில் நடந்ததும் மறுநாள் இமையில் நடந்ததும் பெரும்பாலும் ஒரே விஷயம் இல்லை. இரண்டையும் சேர்த்து "சொட்டு அலர்ஜி" என்று ஒரே பெயர் வைத்ததால்தான் பயம் இரண்டு மடங்காகியிருக்கிறது.

இந்த மாதிரி விஷயத்தில் நாங்கள் முதலில் கேட்பது மருந்தின் பெயர், அடுத்தது நேரம். சொட்டு விழுந்த எத்தனை நிமிடத்தில், எத்தனை மணி நேரத்தில் தொந்தரவு ஆரம்பித்தது என்று தெரிந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். விழுந்த நொடியே எரிச்சல் என்றால் அது மருந்தின் இயல்பு, எல்லோருக்கும் வரும். சில நிமிடத்தில் தலைசுற்றல் என்றால் பெரும்பாலும் உடம்பின் பதற்றம், மிக அரிதாக உண்மையான ஒவ்வாமை. மரத்துப்போனது தெளிகிற நேரத்தில், அதாவது அரைமணி நேரம் கழித்து, கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தினால் கருவிழியின் மேல்தோல் உரசப்பட்டிருக்கலாம். சில மணி நேரம் கழித்துத் தலைவலியும் வாந்தியும் வந்தால் கண் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஒன்று முதல் மூன்று நாள் கழித்து இமை தடித்து அரித்தால் அது தோலின் ஒவ்வாமை.

பெயர் ஏன் முக்கியம் என்றால், "கண் சொட்டு" என்று ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் குறைந்தது மூன்று வேலைக்கான மருந்துகள் இருக்கின்றன. முதல் வகை, கண்ணை மரத்துப்போக வைப்பது: புரோபராகெய்ன் 0.5%, டெட்ராகெய்ன், ஆக்ஸிபுப்ரோகெய்ன். அரை நிமிடத்துக்குள் வேலை செய்யும், கால்மணி, இருபது நிமிடத்தில் தெளிந்துவிடும். கண் அழுத்தம் பார்ப்பதற்கு இதைத்தான் விடுவார்கள், கூடவே ஃப்ளூரசீன் என்ற மஞ்சள் சாயமும் இருக்கலாம். இரண்டாவது வகை, கண்பாவையை விரிப்பது: டிராபிகமைட், ஃபினைலெஃப்ரின், சில சமயம் இரண்டும் கலந்து ஒரே குப்பியில். மூன்றாவது, விரிப்பதோடு கிட்டத்தில் பார்க்கக் கண்ணைக் குவிக்கும் தசையையும் தளரவைக்கும் வீரியமான மருந்துகள்: சைக்ளோபென்டோலேட், ஹோமட்ரோபின், அட்ரோபின். இவை பெரும்பாலும் குழந்தைகளுக்குக் கண்ணாடிப் பவர் பார்க்க விடுவது. இவை போதாதென்று, இந்தக் குப்பிகளில் பெரும்பாலானவற்றில் கிருமி வராமல் இருக்க பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதனப்பொருளும் இருக்கும். அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாதது மருந்தாக இருக்கலாம், இந்தப் பதனப்பொருளாகவும் இருக்கலாம்.

கண்ணில் விட்ட ஒரு சொட்டு எப்படி உடம்பு முழுவதையும் பாதிக்கும் என்று கேட்டிருந்தீர்கள். குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். கண்ணுக்குள் தங்குவதற்கு இடம் அதிகபட்சம் 30 மைக்ரோலிட்டர்தான், அதிலும் ஏற்கனவே கண்ணீர் ஏழெட்டு மைக்ரோலிட்டர் இருக்கும். மிச்சம் கன்னத்தில் வழியும், இல்லையென்றால் மூக்கை ஒட்டிய ஓரத்தில் இருக்கிற சின்னத் துளை வழியாக மூக்குக்குள் போய்விடும். சொட்டு விட்ட ஒரு நிமிடத்தில் தொண்டையில் கசப்பதற்குக் காரணம் அதுதான். மூக்கின் உள்சவ்வு மருந்தை நேராக இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும். விழுங்கிய மாத்திரையைப் போல ஈரல் வழியாக வடிகட்டப்பட்டு வருவதில்லை. அளவையும் பாருங்கள். 10% ஃபினைலெஃப்ரின் ஒரு சொட்டில் 5 மில்லிகிராம் வரை மருந்து இருக்கிறது. அறுவை சிகிச்சை நேரத்தில் இறங்கிப்போன இரத்த அழுத்தத்தை ஏற்ற நரம்பில் போடுவது 0.1 மில்லிகிராம் அளவுதான். சொட்டில் இருப்பது முழுவதும் இரத்தத்தில் சேராது என்பது உண்மை, ஆனால் "கண்ணில்தானே விடுகிறோம்" என்று சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாத மருந்து அது.

இப்போது அன்றைக்கு நடந்த மயக்கத்துக்கு வருகிறேன். முகம் வெளுப்பு, வேர்வை, குமட்டல், காது அடைப்பது, பார்வை இருட்டுவது, அப்புறம் சரிவது, படுத்ததும் தெளிவது: இந்த வரிசை அப்படியே இருந்திருந்தால் அது பெரும்பாலும் பதற்றத்தாலோ கூச்சத்தாலோ நாடி குறைந்து, இரத்த அழுத்தம் இறங்கி வரும் மயக்கம். ஊசி போடும்போது சிலர் விழுகிறார்களே, அதே விஷயம்தான். கண்ணைத் தொட்டாலே சிலருக்கு இது வரும், அழுத்தம் பார்க்கும் கருவியின் முனை கருவிழியில் படும்போதும் வரும். வருவதற்கு முன்னால் அறிகுறி தெரியும். பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்துவார், கொட்டாவி விடுவார், உதட்டு நிறம் போகும், "கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறது" என்பார். அந்த இடத்திலேயே கருவியைத் தள்ளிவிட்டு நாற்காலியைச் சாய்த்து, காலைத் தூக்கி வைத்து, நாடியைப் பிடித்துப் பார்ப்போம். நாடி மெதுவாக இருந்து, காலைத் தூக்கியதும் முகத்தில் நிறம் திரும்பினால் நாங்களும் மூச்சு விட்டுக்கொள்வோம்.

உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வேறு மாதிரி இருக்கும். நாடி பொதுவாக வேகமாக ஓடும், உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பும், உதடும் நாக்கும் வீங்கும், குரல் கம்மும், மூச்சு இழுக்கும், படுக்க வைத்தால் மட்டும் தெளியாது. பரிசோதனைக்கு விடும் சொட்டுகளால் இது வருவது மிக மிக அரிது, ஆனால் வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது. வந்தால் அட்ரினலின் ஊசி போட்டு உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். உங்கள் விவரிப்பில் தடிப்போ மூச்சுத்திணறலோ இல்லை, சில நிமிடத்தில் தெளிந்திருக்கிறார், அதனால் நான் அந்தப் பக்கம் சாயவில்லை. ஆனால் நீங்கள் எழுதாத ஒன்று எனக்கு உறுத்துகிறது. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல், நெடுநேரம் காத்திருந்தாரா? வேர்வையும் வெளுப்பும் சர்க்கரை இறங்கியதாலும் வரும். அந்த நேரத்தில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் சந்தேகம் தீர்ந்திருக்கும். பார்த்தார்களா என்று கேளுங்கள். சர்க்கரை உள்ளவர் மயங்கினால் நான் எப்போதும் அதைப் பார்க்கச் சொல்வேன், மற்ற காரணம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும்.

"பி.பி. இருக்கிறவருக்கு இந்தச் சொட்டு விட்டதால்தான் இப்படி ஆனதா?" என்று கீழே வேறொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம், ஆனால் திசை எதிர்ப்பக்கம். ஃபினைலெஃப்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதனால் அழுத்தம் ஏறத்தான் செய்யும். ஏறினால் தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும். படுத்ததும் தெளிகிற மாதிரியான மயக்கம் அதனால் வருவது வழக்கமில்லை. 2.5% அளவில் இரத்த அழுத்தத்தில் பெரிதாகச் சொல்லும்படி மாற்றம் வருவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. 10% விட்டால் முதல் ஐந்து, பத்து நிமிடத்தில் ஏறி இறங்குகிறது. இதய நோய் உள்ளவர்கள், பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்கள், மன அழுத்தத்துக்கு எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கைக்குழந்தைகள், இவர்களுக்கு 10% கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விழித்திரையைப் பார்க்க மட்டும் என்றால் பெரியவர்களுக்கும் அவ்வளவு வீரியம் பெரும்பாலும் தேவைப்படாது. அம்மாவுக்கு விட்டது எத்தனை சதவீதம் என்று கேட்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுநாள் இமை வீங்கியதுதான் உண்மையில் "அலர்ஜி" என்ற பெயருக்குப் பொருந்துகிறது. தோல் ஒரு பொருளை ஏற்கனவே சந்தித்து, மனதுக்குள் எதிரி என்று குறித்து வைத்திருந்தால், மறுபடி சந்திக்கும்போது ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வரும். பார்த்தால் அடையாளம் தெரியும். இமைத் தோல் சிவந்து, சுருக்கம் சுருக்கமாகத் தடித்து, மேலே மெல்லிய செதிலாக உரியும். சொட்டு வழிந்த தடத்திலேயே, கண்ணின் வெளி ஓரத்திலும் கன்னத்தின் மேல்பக்கமும், சிவப்பு இறங்கியிருக்கும். வலியைவிட அரிப்புதான் அதிகம். கிருமித் தொற்றாக இருந்தால் கெட்டியான பீளை ஒட்டும், அரிப்பு இவ்வளவு இருக்காது. கண்ணை விரிக்கும் மருந்துகளில் இந்த வேலையை அதிகம் செய்வதாகப் பேர் எடுத்தது ஃபினைலெஃப்ரின். அதற்கு அடுத்து நான் சந்தேகப்படுவது அந்தப் பதனப்பொருளை. மரத்துப்போகும் மருந்துக்கும் வரலாம். எது என்று இமையைப் பார்த்துச் சொல்ல முடியாது, நானும் இங்கிருந்து சொல்ல முடியாது. தோல் மருத்துவர் முதுகில் பட்டை ஒட்டிப் பார்க்கும் ஒரு சோதனை இருக்கிறது, இரண்டு நாள் ஒட்டி வைத்து அப்புறம் எடுத்துப் பார்ப்பார்கள். மறுபடி மறுபடி வருகிறது என்றால் அதுவரை போவது நல்லது. முதல் முறைதான் என்றால் சந்தேகப்பட்ட மருந்தைத் தவிர்த்துப் பார்த்தாலே பல சமயம் போதும்.

அதுவரை இமைக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியால் ஒற்றடம் கொடுங்கள், தேய்க்க விடாதீர்கள். பதனப்பொருள் இல்லாத செயற்கைக் கண்ணீர் விடலாம். வீட்டில் இருக்கிற ஸ்டீராய்டு களிம்பை எடுத்து இமையில் தடவ வேண்டாம். இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, களிம்பு கண்ணுக்குள் இறங்கிக் கண் அழுத்தத்தை ஏற்றக்கூடும். தேவைப்பட்டால் மருத்துவர் பார்த்து, அளவு சொல்லிக் கொடுப்பார். இன்னொரு விஷயம், அம்மா வேறு ஏதாவது கண் சொட்டு தினமும் விடுகிறாரா? அதே பதனப்பொருள் அதிலும் இருந்தால் பரிசோதனைச் சொட்டின் மேல் போட்ட பழி பாதி அதற்கும் சேரும்.

மரத்துப்போகும் சொட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லியே ஆக வேண்டும். பல் மருத்துவர் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாதவர்கள் இதற்கும் பயப்படுவார்கள். பல்லுக்குப் பெரும்பாலும் போடுவது லிடோகெய்ன் வகை, கண்ணுக்கு விடுவது வேதியியலில் வேறு குடும்பம். ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மற்றதும் ஒத்துக்கொள்ளாது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை, ஆனால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். மரத்துப்போன கண்ணைத் தேய்த்தால் வலி தெரியாது, கருவிழியில் கீறல் விழுந்தாலும் தெரியாது. மரப்பு தெளிந்தபின் உறுத்தலும் கண்ணீரும் ஆரம்பிக்கும். லேசானது ஒரு நாளில் ஆறிவிடும், ஆறவில்லை என்றால் காட்ட வேண்டும். அப்போது "அந்த மரத்துப்போகிற மருந்தைக் கொடுங்கள், வலி நின்றுவிடும்" என்று சிலர் கேட்பார்கள். வீட்டுக்கு அதை ஒருபோதும் வாங்கிப் போகாதீர்கள். திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியின் மேல்தோல் ஆறவே ஆறாது, புண் ஆழமாகிக் கருவிழியே கரைந்து பார்வை போனவர்கள் உண்டு.

இதையெல்லாம்விட நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றுக்கு, அது ஒவ்வாமையே இல்லை. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறுவதற்கு கருவிழியும் உள்ளிருக்கும் நிறப்படலமும் சந்திக்கிற கோணத்தில் ஒரு வடிகால் இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்தக் கோணம் குறுகல். தூரப்பார்வைக்கு ப்ளஸ் கண்ணாடி போடுகிறவர்கள், வயதானவர்கள், குடும்பத்தில் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள், இவர்களிடம் அதிகம் பார்க்கலாம். கண்பாவை விரியும்போது நிறப்படலம் ஓரத்தில் திரண்டு அந்த வடிகாலை அடைத்துவிட்டால் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறிவிடும். இது பரிசோதனை அறையில் நடப்பதைவிட, வீட்டுக்குப் போனபின், விரிந்த கண்பாவை பாதி சுருங்கி வரும் நேரத்தில் நடப்பதுதான் அதிகம். ஒரு கண் கடுமையாக வலிக்கும், சிவக்கும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும், பார்வை புகைமூட்டமாகும், கூடவே தலைவலி, வாந்தி. வாந்தி என்றதும் வயிறு என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் ஆபத்து. அன்று இரவே கண் அவசரப் பிரிவுக்குப் போனால் மருந்தாலும் லேசராலும் காப்பாற்றிவிடலாம், நாள் கடந்தால் பார்வை நரம்பு கெட்டுவிடும். எவ்வளவு அரிது என்று கேட்டால், 2000-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நெடுநேரம் வேலை செய்யும் மருந்தோ ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளோ விட்டவர்களில் 3,380 பேரில் ஒருவருக்கும் 20,000 பேரில் ஒருவருக்கும் இடையில் என்று கணக்கிட்டது, டிராபிகமைட் மட்டும் விட்டவர்களில் இப்படி ஆனதாக எந்தப் பதிவும் அதில் கிடைக்கவில்லை. சொட்டு விடுவதற்கு முன்னால் ஸ்லிட் லாம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவியில் அந்தக் கோணத்தின் அகலத்தை ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம். "கோணம் பார்த்துவிட்டீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம், கேட்பதில் தப்பே இல்லை.

குழந்தைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைப் படிக்கிற பெற்றோருக்காகச் சொல்கிறேன். சைக்ளோபென்டோலேட் விட்ட அரைமணி, முக்கால் மணி நேரத்தில் சில குழந்தைகள் தள்ளாடும், அர்த்தமில்லாமல் பேசும், இல்லாததைப் பார்த்துக் கையை நீட்டும், அல்லது அப்படியே தூங்கி வழியும். ஓடியாடிய பிள்ளை சுவரில் இல்லாத பூச்சியைப் பிடிக்கப் போவதைப் பார்த்தால் பெற்றவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். மருந்து மூளையைத் தொட்டதன் விளைவு அது. பொதுவாகச் சில மணி நேரத்தில் முழுதாகத் தெளிந்துவிடும், ஆனால் அதுவரை மருத்துவரின் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும், வலிப்பு வருவதும் அரிதாக உண்டு. 2% குப்பியிலும், திரும்பத் திரும்ப விடும்போதும் இது கூடும். டவுன் சிண்ட்ரோம், மூளை வளர்ச்சிப் பாதிப்பு, வலிப்பு உள்ள குழந்தைகளிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அட்ரோபினுக்கு அடையாளம் வேறு: முகம் சிவக்கும், வாய் உலரும், வேர்க்காமலேயே உடம்பு கொதிக்கும், இதயம் வேகமாக அடிக்கும். வீட்டில் மூன்று நாள் விடச் சொல்லிக் கொடுத்த அட்ரோபினில் இப்படி ஆனால் அடுத்த வேளை விடாமல் நிறுத்திவிட்டு உடனே போன் செய்ய வேண்டும். 1% அட்ரோபின் ஒரு சொட்டில் அரை மில்லிகிராம் வரை மருந்து இருக்கிறது, சின்ன உடம்புக்கு அது சின்ன அளவு இல்லை. குப்பியைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சரி, அம்மாவுக்கு அடுத்த முறை என்ன செய்வது? முதலில் அன்றைக்கு விட்ட எல்லாச் சொட்டுகளின் பெயரும் சதவீதமும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். "டைலேட் பண்ற டிராப்ஸ்" என்ற பதில் போதாது. மருத்துவக் குறிப்பில் இருக்கும், கேட்டால் கொடுக்க வேண்டும். கூடவே எத்தனை நிமிடத்தில் மயக்கம், எத்தனை மணி நேரத்தில் வீக்கம், எத்தனை நாளில் வடிந்தது என்று எழுதி, இமையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்து யார் பார்த்தாலும் "அலர்ஜி" என்ற ஒற்றைச் சொல்லைவிட இந்தக் காகிதம் அவர்களுக்குப் பத்து மடங்கு உதவும். ஃபினைலெஃப்ரின் விட்டிருந்தால் அடுத்த முறை அது இல்லாமல் டிராபிகமைட் மட்டும் விடச் சொல்லுங்கள். கருமையான கண்ணில் கொஞ்சம் மெதுவாக விரியும், சர்க்கரை பல வருடம் இருந்தால் முழுதாக விரியாமலும் போகலாம், ஆனால் பெரும்பாலும் பார்க்கிற அளவுக்கு விரியும். பதனப்பொருள் மேல் சந்தேகம் என்றால் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் சின்னக் குப்பிகள் இருக்கின்றன, கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கண் அழுத்தத்தைக் காற்றடித்துப் பார்க்கும் கருவியிலோ, மெல்லிய முனை தொட்டுத் துள்ளும் கருவியிலோ பார்த்தால் மரத்துப்போகும் சொட்டே தேவையில்லை.

அன்று சாப்பிட்டுவிட்டு, மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு வரட்டும். போன முறை மயங்கினார் என்பதைச் சொட்டு விடுவதற்கு முன்பே சொல்லி, நாற்காலியைச் சாய்த்து வைத்து விடச் சொல்லுங்கள். ஒரு சொட்டு போதும். விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய உள் ஓரத்தில் விரல் நுனியால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தால் மருந்து மூக்குக்குத்தான் போகும். அழுத்துவது எலும்பின் மேல், கண்ணின் மேல் இல்லை. சரியாகப் பிடித்திருந்தால் தொண்டைக் கசப்பு குறைவதை அவரே உணர்வார். வழிந்ததைத் துணியால் உடனே ஒற்றி எடுத்தால் இமைத் தோலில் மருந்து தங்கும் நேரமும் குறையும். அரைமணி நேரம் அங்கேயே உட்காரட்டும். அன்று முழுவதும் வண்டி ஓட்டக்கூடாது, வெளியே வரும்போது கறுப்புக் கண்ணாடி வேண்டும், படியில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் மங்கலாகத் தெரிவதும் வெளிச்சம் கூசுவதும் நாலு முதல் ஆறு மணி நேரம் இருக்கும், சிலருக்கு மறுநாள் வரை. விரிந்த கண்ணைத் திரும்பச் சுருக்க ஃபென்டோலமைன் 0.75% என்ற சொட்டுக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது, ஆனால் ஏற்கனவே சொட்டு ஒத்துக்கொள்ளாத இமையில் இன்னொரு சொட்டு விடுவதற்கு நான் அவசரப்பட மாட்டேன்.

சொட்டே இல்லாமல் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராக்களும் வந்துவிட்டன, நல்ல கருவிகள்தான். சர்க்கரையால் நடுப்பகுதியில் வரும் மாற்றத்தை முதலில் சலித்துப் பார்க்க அவை பயன்படும். ஆனால் கண்பாவை சின்னதாக இருந்தால், அல்லது கண்புரை ஆரம்பித்திருந்தால் படம் மங்கிவிடும், ஓரப்பகுதியும் நடுவின் மெல்லிய வீக்கமும் தப்பிவிடலாம். படம் தெளிவாக வந்து, அதில் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னால் அந்த வருடத்துக்கு அது ஒரு நியாயமான வழி. தெளிவாக வரவில்லை என்றால் விரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆக அம்மாவிடம் நான் சொல்வதாகச் சொல்லுங்கள்: சொட்டு விடலாம், அதே சொட்டை அதே மாதிரி விட வேண்டியதில்லை. மயக்கத்தின்போது உண்மையில் மூச்சு இழுத்தது, உடம்பு தடித்தது, நாக்கு வீங்கியது என்று அவர் இப்போது நினைவுபடுத்திச் சொன்னால் மட்டும் நான் மேலே எழுதியது மாறும். அப்படியானால் அலர்ஜி நிபுணரைப் பார்க்காமல் அடுத்த சொட்டு வேண்டாம். இமை வீக்கம் ஒரு வாரத்துக்கு மேல் நின்றாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பட்டால் வலித்தாலோ, ஒரு கண் மட்டும் அதிகமாகச் சிவந்தாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் நேரில் போய்க் காட்டுங்கள், போனில் கேட்க வேண்டாம். மருந்தின் பெயர் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், எதை மாற்றச் சொல்லலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.